பம்மலில் வாசித்த முப்பது பெயர்கள்

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. பம்மலில் உள்ள ஒரு சிறிய லுத்தரன் ஆலயத்தின் ஒலிபரப்பு அறையில், மாலை 6.41 முதல் 6.56 வரை, முப்பது பேருடைய பெயர்களை நான் மைக்கில் வாசித்தேன்.

இதற்குப் பிறகு நான் எழுதப்போவதை யாரும் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எனக்கே பேய் பிசாசுகளில் நம்பிக்கை கிடையாது. அறுபத்தோரு வயதுவரை அப்படி எதையும் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வாசித்த நேரத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். பின்னால் வந்த கடிதங்களும் இருக்கின்றன. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். ஆலயத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

என் பெயர் சாவித்ரி. பொழிச்சலூரில் குடியிருக்கிறேன். பம்மலில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஜெர்மனியில் தோல் வாங்குகிறவர்களோடு கடிதப் போக்குவரத்து முழுவதும் என் பொறுப்பு. அதற்காகக் கற்றுக்கொண்டதுதான் ஜெர்மன். வந்த ஃபேக்ஸ், போன ஃபேக்ஸ் எதுவானாலும் ஓரத்தில் மணி நிமிடம் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

2018-இல் என் கணவர் இறந்தார். மறு வருடம் ஜூனில் ஆஸ்டின் வீட்டுக்கு வந்தான். பம்மலில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய மைக் செட்தான். எங்கள் நிறுவனத்து ஆண்டு விழாக்களில் பழக்கம்.

"அக்கா, எங்க சர்ச்ல வாசிச்சுகினு இருந்த டீச்சர் பெங்களூர் போய்ட்டாங்க. ஜெர்மன் தெரிஞ்ச ஆளு பம்மல்ல நீங்க ஒருத்தர்தான். வாரத்துக்கு அரை மணி நேரம். வருவீங்களா?"

"நான் சாமி கும்பிடறவ, ஆஸ்டின்."

"நாங்க மட்டும் இன்னா, கும்பிடாமயா கீறோம்? வாசிக்கத் தெரியும்ல. அது போதும்."

அப்படித்தான் அந்த வானொலி ஊழியத்துக்குள் நான் போனேன்.

லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். ஊழியத்தைத் தொடங்கியவர் பெரிய ஐயர். இளவயதில் ஜெர்மனியில் இறையியல் படித்தவர். "முந்நூறு வருஷமா அவங்க வந்து நமக்குப் பிரசங்கம் பண்ணாங்க. இப்ப அங்க கோயில் எல்லாம் காலி. வாங்கினதைத் திருப்பித் தர வேண்டாமா?" என்பார். 1994-இல் ஐரோப்பாவில் ஒரு சிற்றலை வானொலி நிலையத்தில் வாரம் அரை மணி நேரத்தை வாடகைக்கு எடுத்தார். ஒரு துதிப்பாட்டு, வேத வாசிப்பு, பத்து நிமிடச் செய்தி, ஜெபம். எல்லாம் ஜெர்மன் மொழியில். அவர்களுக்கு ஞாயிறு மதியம் இரண்டு மணி. சாப்பிட்டுவிட்டுக் காப்பி குடிக்கும் நேரம். நமக்கு மாலை ஆறரை. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது நமக்கு ஐந்தரை.

பதிவு செய்து அனுப்புவது கிடையாது. ஜெபத்தை டப்பாவில் அடைத்து அனுப்பக் கூடாது என்பது பெரிய ஐயரின் விதி. எல்லாமே நேரடி.

கேட்டவர்கள் வயதானவர்கள். முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், போதகர் இல்லாத கிராமத்தில் இருப்பவர்கள். கடிதம் எழுதுவார்கள். நடுங்கும் கையெழுத்து, சில உறைகளில் காய்ந்த பூ. எழுதியவர்களின் பெயரும் முகவரியும் ஒரு ரெஜிஸ்டரில் ஏறும்; இறந்த செய்தி வந்தால் அந்தப் பெயரின் மேல் கோடு அடிப்போம். என் வீட்டில் நான் பேசினால் கேட்க யாரும் இல்லை. இங்கே பேசினால் கடல் தாண்டி யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் போனதற்குக் காரணம் அது ஒன்றுதான். வேறு காரணம் சொன்னால் பொய்.

2023 நடுவில் கடிதங்கள் நின்றன.

"இப்பல்லாம் யாருக்கா லெட்டர் போடறாங்க? எல்லாம் ஈமெயில்தான்" என்றான் ஆஸ்டின். வந்த செய்திகளை அவனே வாயால் சொல்வான். அதிலும் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்திலிருந்து ஹெட்விக் நோல் என்ற அம்மா. வாரம் தவறாமல் கேட்கிறாராம். "போன ஞாயிறு உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சாம். உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொன்னாங்க" என்றான் ஒருமுறை. அடுத்த வாரம் உப்புத் தண்ணீர் கொப்பளித்துவிட்டுத்தான் போனேன். நான் பார்த்திராத அந்த அம்மாவுக்காக.

இனி அந்த ஞாயிறு.

திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிற்றை ஜெர்மன் லுத்தரன்கள் இறந்தோர் ஞாயிறு என்பார்கள். அந்த வருடம் இறந்துபோனவர்களின் பெயர்களை ஆலயத்தில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். எங்கள் ஊழியத்திலும் அந்த வழக்கம் இருந்தது. இறந்துபோன நேயரின் பெயரை ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒருமுறைதான். பிறகு சின்னப் பித்தளை மணியை ஒரு தட்டு. மணியின் ரீங்காரம் முழுதும் அடங்கிய பிறகு அடுத்த பெயர். தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. அங்கே மகனோ மகளோ அந்த ஒரு பெயருக்காகக் காத்திருப்பார்கள்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது 6.05. நன்றாக இருட்டிவிட்டது. ஆஸ்டின் பட்டியலை நீட்டினான்.

வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பெயர் இருக்கும். இதில் முப்பது.

"என்னப்பா இது, இத்தனை பேரா?"

"வயசானவங்கதானேக்கா."

கடைசிப் பெயரைப் பார்த்தேன். ஹெட்விக் நோல், லின்ஸ்.

"போன மாசம்தானே இவங்க மெயில் போட்டாங்கன்னு சொன்ன?"

அவன் ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "போன வாரம் போய்ட்டாங்க."

"யார் சொன்னா?"

"அக்கா, டைம் ஆச்சு. பேஜார் பண்ணாதீங்க. உள்ள போய் உக்காருங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தப் பெயருக்குக் கீழே என் பென்சில் சும்மா ஒரு கோடு இழுத்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அறை சின்னது. நான், என் எதிரில் மைக், காதில் ஹெட்ஃபோன். எனக்கு இடது பக்கம் ஆலயத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் ஜெயக்கொடி, கையில் மணியோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்டின். 6.30-க்குச் சிவப்பு பல்பு எரிந்தது.

பாட்டு முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. 6.38-க்கு, செய்தியின் நடுவில், ஹெட்ஃபோனில் ஒரு சத்தம் கேட்டது.

'டிங்...'

பீங்கான் கோப்பையில் கரண்டி படுகிற சத்தம். பிறகு இன்னொன்று. தூரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

வாசிப்பை நிறுத்தாமல் ஆஸ்டினைப் பார்த்தேன். காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். விமானம் இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய பம்மலில் ஞாயிறு மாலை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாவது தலைக்கு மேல் போகும். ஒலிபரப்பில் அந்த இரைச்சல் வரும்போது நான் ஒரு மூச்சு நிறுத்திப் பேசுவது வழக்கம். அன்று நிறுத்தத் தேவையே வரவில்லை.

6.41. பெயர்கள்.

முதல் பெயர் மார்த்தா ஃபோக்ட். வாசித்தேன். ஜெயக்கொடி மணியைத் தட்டினாள்.

அந்த மணியின் ரீங்காரம் அடங்க எப்போதும் பத்து விநாடிக்கு மேல் ஆகும். அன்று யாரோ உள்ளங்கையால் பிடித்தது போலச் சட்டென்று நின்றது.

பிறகு என் காதில் ஒரு பெண் குரல்.

"ஹீயர்."

ஜெர்மன் பள்ளிகளில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வது. இருக்கிறேன் என்று பொருள்.

ஏதோ லைனில் குறுக்கீடு என்று நினைத்தேன். கை தானாக 6.41 என்று எழுதியது. இரண்டாவது பெயர் எரிக் லெம்கெ. மணி. சட்டென்று அமைதி.

"ஹீயர்."

இந்த முறை ஆண் குரல். கிழட்டுக் குரல். சளி கட்டிய நெஞ்சு.

மூன்றாவது பெயர்.

"ஹீயர்."

வேறொரு குரல். மிக அருகில். உதடு பிரியும் ஈரச் சத்தம்கூடக் கேட்டது.

ஜெயக்கொடியைப் பார்த்தேன். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மணியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஸ்டின் தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்தான். அவன் பார்வை ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் இருந்தது. பிறகு என் வாயில். மறுபடி மீட்டரில்.

எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. அங்கே யாரோ ஒரு மகள் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அம்மாவின் பெயர் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் நான் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாசித்தேன்.

ஏழு. எட்டு. ஒன்பது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. தயங்கவும் இல்லை. காத்திருந்தவர்கள் போலச் சொன்னார்கள்.

பதினாறு.

"ஹீயர்."

பதினேழு. ஓட்டோ ப்ரைட்டிங்.

மணி. அமைதி.

பதில் இல்லை.

ஒன்று... இரண்டு... மூன்று விநாடி.

கரண்டி ஒன்று தரையில் விழுந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார். தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் போல, ஆச்சரியத்தோடு...

"ஹீயர்?"

6.49 என்று எழுதினேன்.

இருபது.

இருபத்தைந்து.

இப்போது பின்னால் பலர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு கூடம் நிறைய ஆட்கள்.

இருபத்தொன்பது.

"ஹீயர்."

முப்பது.

ஹெட்விக் நோல்.

மணி.

அமைதி...

மூச்சுச் சத்தங்களும் நின்றன. எல்லோரும் சேர்ந்து காத்திருந்தார்கள்.

பதில் வரவில்லை.

பத்து விநாடி. இருபது.

என் ஹெட்விக். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்ன அம்மா. இன்னொரு முறை கூப்பிடலாம் என்று மைக்கிடம் குனிந்தேன். வாயும் திறந்துவிட்டேன். கடிகாரம் 6.56. ஒருமுறைதான் வாசிக்க வேண்டும் என்ற விதி ஞாபகம் வந்தது.

கூப்பிடவில்லை.

ஜெபத்தைத் தொடங்கினேன். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது.

7.00 மணிக்குச் சிவப்பு பல்பு அணைந்தது. ஆஸ்டின் என்னைப் பார்க்காமல் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி மணியை என்னிடம் காட்டினாள்.

"இன்னான்னே தெரில மேடம். தட்டினா டக்குனு நின்னுபூடுது. எங்கனா விரிசல் வுட்ருச்சா பாருங்க."

விரிசல் எதுவும் இல்லை. விரலால் சுண்டினேன். நீளமாக ஒலித்தது.

"பெரிய ஐயர் உங்களக் கூப்புட்டாரு" என்றாள். "கையத் தட்டிகினே கீறாரு. வாங்க."

பெரிய ஐயருக்கு எண்பத்தொன்பது வயது. படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். ஆலயத்தின் பின்பக்கம் ஓர் அறையில் இருந்தார். நான் உள்ளே போனபோது 7.06. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் எல்லாரும் வந்திருந்தாங்கம்மா."

"யாரு ஐயா?"

"நீங்க கூப்பிட்டவங்க." சிரித்தார். "அந்தக் கடைசி ஆள் மட்டும் வரல. பரவால்ல. வருவாங்க."

அவருக்கும் கேட்டிருக்கிறது.

அப்போதுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். வானொலிப் பெட்டி இல்லை. ஸ்பீக்கர். ஆஸ்டின் கல்யாண வீடுகளில் வைக்கிற ரகம். அதன் பின்னாலிருந்து ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியாக வெளியே போனது. வெளியே வந்து பார்த்தேன். முருங்கை மரத்தின் கிளை மேலாகப் போய், நேராக ஒலிபரப்பு அறையின் சுவர் ஓட்டைக்குள் நுழைந்தது.

"ஜெயக்கொடி, ஐயர் ரேடியோல கேக்கறது இல்லையா?"

"ரேடியோவா? அது எப்பவோ நின்னுபோச்சே மேடம். போன வருசம் ஈஸ்டருக்கு முன்னாடியே. இப்ப நீங்க பேசறது இந்தப் பொட்டிக்கு மட்டும்தான் வருது." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

ஒலிபரப்பு அறைக்குத் திரும்பிப் போனேன்.

"ஆஸ்டின், நான் வாசிக்கிறது எங்க போகுது?"

அவன் நிமிரவில்லை. "யார் சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பெரிய ஐயருக்குப் போகுது."

"வேற?"

"வேற எங்கயும் இல்லக்கா."

மெதுவாகத்தான் சொன்னான். 2023 மார்ச்சோடு அந்த வெளிநாட்டு நிலையம் சிற்றலையை மூடிவிட்டது. அது தெரிந்தால் பெரிய ஐயர் அன்றைக்கே போய்விடுவார் என்று ஆலயக் கமிட்டி பயந்தது. அவர் கண் மூடும்வரை நடத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

"கமிட்டியில எத்தனை பேர்?"

"ஒம்பது."

"ஒன்பது பேருக்குத் தெரியும். பெருக்கறவளுக்குத் தெரியும். எனக்கு ஏன் சொல்லல? அவருக்காகத்தான்னு சொல்லியிருந்தா வாசிக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"வாசிச்சிருப்பீங்க." முதன்முறையாக என்னைப் பார்த்தான். "ஆனா இப்படி வாசிச்சிருக்க மாட்டீங்க. அங்க யாரோ கேக்கறாங்கன்னு நினைச்சாத்தான் உங்க குரல் அப்படி வருது. ஐயர் கண்டுபுடிச்சுடுவாருக்கா."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அதிகம் வலித்தது. 2023 ஏப்ரலில் இருந்து எண்பத்தேழு ஞாயிறுகள். காய்ச்சலில் இரண்டு போக, எண்பத்தைந்து. காற்றில்கூட இல்லை, ஒரு முருங்கை மரத்தைத் தாண்டி அடுத்த அறைவரை.

"ஹெட்விக்?"

அவன் மறுபடி ஒரு வயரைச் சுற்றத் தொடங்கினான்.

"ஆஸ்டின். ஹெட்விக் சொன்னதா நீ சொன்னதெல்லாம்?"

"ரெஜிஸ்டர்ல இருந்த பேரு. மீதி... நான்தான்."

"உப்புத் தண்ணி?"

"எங்கம்மா சொல்றது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த முப்பது பேர் செத்துப்போனது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "லெட்டரே வரலையே."

"தெரியாது."

"என்ன?"

"ஐயர் நாலு நாளா கேட்டுகினே இருந்தாரு, இந்த வருஷம் பேரு வாசிக்கலையான்னு. ரெஜிஸ்டர்ல கோடு அடிக்காம மீதி இருந்தது முப்பது பேரு. எல்லாரையும் எழுதிட்டேன். எல்லாம் எண்பது, தொண்ணூறு வயசு. வெளியவும் போகப்போறது இல்ல. யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாத முப்பது பேரை, இறந்தோர் ஞாயிறன்று, இறந்தவர்கள் என்று என் வாயால் கூப்பிட வைத்திருக்கிறான்.

"அப்ப அந்தக் குரல்கள்?" என்றேன்.

அவன் மீட்டரைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் மூணு கேட்டுச்சு. அப்புறம் காதுல இருந்து எடுத்துட்டேன். ஆனா மீட்டர் ஆடுச்சுக்கா. உங்க வாய் மூடியிருக்கு, முள்ளு ஆடுது. எண்ணினேன். இருபத்தொம்பது வாட்டி."

அந்த ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவன் தடுக்கவில்லை.

முப்பது முகவரிகளுக்கும் கடிதம் எழுதினேன். ஒலிபரப்பு நின்றுவிட்டதையும், அதை முன்பே தெரிவிக்காததற்கு மன்னிப்பையும், நலமா என்ற கேள்வியையும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. டிசம்பர் 3 அன்று தாம்பரம் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

டிசம்பர் 29-இல் பெரிய ஐயர் தூக்கத்திலேயே இறந்தார். அடக்கத்துக்குப் போனேன். ஆஸ்டின் மைக் வைத்திருந்தான்.

ஜனவரியில் பதில்கள் வரத் தொடங்கின. பத்தொன்பது கடிதங்கள், பெறுநர் காலமானார் என்ற குறிப்போடும் இறந்த தேதியோடும் அப்படியே திரும்பின. ஒன்பது பேரின் குடும்பத்தார் எழுதியிருந்தார்கள். அம்மா 2023 ஆகஸ்டில் போய்விட்டார், அப்பா போன ஈஸ்டரில் போய்விட்டார் என்று. ஒருவர்கூட நவம்பர் 24-க்குப் பிறகு இறக்கவில்லை. எல்லோரும் அதற்கு முன்.

இருபத்தெட்டு ஆயிற்று.

ஜனவரி 23 அன்று வந்தது இருபத்தொன்பதாவது. ஜெர்மனியில் சாக்ஸனி பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து. பதினேழாம் எண், ஓட்டோ ப்ரைட்டிங். இல்லத்தின் செவிலி எழுதியிருந்தார். அவருக்கு எந்த நோயும் இருக்கவில்லை. ஞாயிறு மதியம் மற்றவர்களோடு மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி கையிலிருந்து விழுந்தது. யாரோ கூப்பிட்டது போல நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். தேதி, 2024 நவம்பர் 24. மருத்துவர் குறித்த நேரம், பிற்பகல் 2.19.

என் பட்டியலை எடுத்தேன். பதினேழுக்கு எதிரில் 6.49. அவர்களுக்கு 2.19.

அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி ஆஸ்டின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான்.

"தற்செயலா இருக்கும்க்கா."

"நீ எழுதின பேரு. நான் கூப்பிட்ட பேரு."

"நான் ஐயருக்காகத்தான்..."

"தெரியும்" என்றேன். வந்துவிட்டேன். அதன்பின் அவனிடம் பேசியதில்லை.

முப்பதாவது கடிதம் பிப்ரவரி 11 அன்று வந்தது. ஆஸ்திரியா முத்திரை. உறையின் பின்னால் பெயர், ஹெட்விக் நோல்.

அவரே எழுதியிருந்தார். வயது தொண்ணூற்றொன்று. உங்கள் நிகழ்ச்சி இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை, நீங்கள்தான் இறந்துபோனீர்கள் என்று நினைத்திருந்தேன் என்று எழுதியிருந்தார். வானொலிப் பெட்டியையே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.

பிறகு இது. அப்படியே தமிழில் தருகிறேன்.

"நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு வானொலி இருந்த அலமாரியிலிருந்து உங்கள் குரல் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எழுந்து நின்றேன். பதில் சொல்ல வாயும் திறந்தேன். அவசியம் என்றால் இன்னொரு முறை கூப்பிடுவார் என்று நினைத்து, இருட்டும்வரை காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

2025 மார்ச் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஆலயம் அந்த ஊழியத்தை முறைப்படி முடித்துக்கொண்டது. நேயர்கள் எவரும் இல்லாததால் நிறுத்தப்படுகிறது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள்.